யாங்சியின் துடுப்பு மீன்: ஒரு கடிதம்

வணக்கம். யாங்சி நதியின் துடுப்பு மீன் அழிந்துவிட்டதாக 2022-இல் அறிவித்தார்கள். 1981-இல் நதியை மறித்த அணையே முக்கியக் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். நடுவில் 40 வருடம் இருக்கிறதே? சரி, இன்றைய அறிவியலில் அதை மீட்டெடுக்க முடியாதா?
ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

2022 என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பதிவு செய்த ஆண்டு. மீன் அதற்கு வெகுமுன்பே போய்விட்டது. கடைசி மீன் 2005-க்கும் 2010-க்கும் நடுவில் செத்திருக்கும் என்றும், இனம் தேறி வர முடியாத நிலை 1993-லேயே வந்துவிட்டது என்றும் சீன ஆய்வாளர்கள் 2020-இல் கணித்தார்கள்.

இந்த மீன் நதியின் கீழ்ப்பகுதியில் வளர்ந்து, முட்டையிட சிச்சுவான் பக்கம் மேலேறிப் போகும். நீங்கள் சொல்லும் 1981 அணை, அதாவது கெசோபா அணையில், மீன் ஏற வழி வைக்கவில்லை. பெண் மீன் பருவத்துக்கு வரவே ஏழெட்டு வருடம் ஆகும், ஆயுளும் நீளம். அதனால் அணை வந்த பிறகும் பெரிய மீன்கள் அவ்வப்போது வலையில் விழுந்தன. பார்க்கிறவர்களுக்கு மீன் இருக்கிறது. குஞ்சுகள்தான் அற்றுக்கொண்டே வந்தன. நீங்கள் கேட்கும் இடைவெளி இதுதான்.

பழி முழுவதும் அணைக்கு மட்டுமல்ல. 1970-களில் வருடத்துக்குச் சுமார் 25 டன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

2003 ஜனவரியில் சிச்சுவானின் யிபின் நகர் அருகே மூன்றரை மீட்டர் நீளமுள்ள பெண் மீன் ஒன்று தற்செயலாக வலையில் சிக்கியது. வயிற்றில் சினை. வெய் சிவெய் என்ற ஆய்வாளரின் குழு காயத்துக்குத் தையல் போட்டு, இருக்குமிடம் காட்டும் ஒலிக்கருவி பொருத்தி ஆற்றில் விட்டு, படகில் பின்தொடர்ந்தது. சில நாட்களில் படகு பாறையில் மோதி நின்றது. சரிசெய்வதற்குள் சமிக்ஞை போய்விட்டது. அதன் பிறகு உயிருள்ள துடுப்பு மீனை யாரும் பார்க்கவில்லை. 2017-18-இல் நதிப்படுகை முழுக்கத் தேடியபோது 332 மீன் இனங்கள் கிடைத்தன, இது கிடைக்கவில்லை.

மீட்டெடுக்க முடியாது. தொட்டியில் ஒன்றுகூட இல்லை, உயிருள்ள திசுவையும் யாரும் சேமிக்கவில்லை. அதே அணையால் வழி மறிக்கப்பட்ட சீன ஸ்டர்ஜன் மீனை 1980-களிலேயே பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். துடுப்பு மீனுக்கு அது ஒருமுறைகூட நடக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஸ்டர்ஜனும் இப்போது கடும் ஆபத்தில் இருக்கிறது. 2021-இல் யாங்சியில் தொடங்கிய 10 வருட மீன்பிடித் தடை அதையாவது காப்பாற்றட்டும்.