அண்ணாச்சியிடம் கேளுங்கள்: வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடுமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருக்கிறது. சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிடும். ஒரு வாளி தண்ணீர் சுட முக்கால் மணி நேரமாகிறது. பிளஸ் டூ படிக்கும் மகன், ‘1000-ஐ 180-ஆல் வகுத்தால் ஐந்தரை ஆம்பியர். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும், பில்லும் ஏறும்’ என்கிறான். சரியா? பாபநாசம் பவர் ஹவுஸ் பக்கத்தில் இருந்தும் ஏன் இந்தக் கதி?
- ஒரு வாசகி, கடையம்

பதில்: மருமகனுக்கு வகுத்தல் சரியாக வருகிறது தங்கச்சி, வகுத்த எண்தான் தப்பு. 1000 வாட் என்பது 230 வோல்ட் கிடைத்தால்தான். கம்பியில் மாறாமல் இருப்பது வாட் இல்லை, அதன் மின்தடை. 1000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230-ஐ அந்த 4.35-ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம், அதுதான் அந்த மின்தடையின் அளவு. 1827-ல் ஜெர்மனிக்காரர் ஓம் எழுதி வைத்த கணக்கு இதுதான். ஹீட்டருக்குள் இருக்கும் நிக்ரோம் சுருள் சூடானாலும் இந்த 53 பெரிதாக மாறாது.

இப்போது 180-ஐ 53-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 3.4 ஆம்பியர். கரண்டும் குறைகிறது. 180-ஐ 3.4-ஆல் பெருக்கினால் 612 வாட். வோல்டேஜில் கால் பங்குகூடக் குறையவில்லை, சூட்டில் நாற்பது சதவீதம் போய்விட்டது பாருங்கள். 15 லிட்டர் வாளியை 25 டிகிரி ஏற்ற 26 நிமிடம் போதும் என்றால், இதில் 43 நிமிடம். பில் பயம் வேண்டாம். இரண்டிலும் அரை யூனிட்டுக்குள்தான். நேரம் இழுப்பதால் காற்றில் கொஞ்சம் சூடு வீணாகும், அவ்வளவே.

ஆனாலும் மருமகன் சொன்னதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். கிணற்று மோட்டாரில் அவன் சொன்னதுதான் நடக்கும். தண்ணீர் ஏற்றுகிற வேலை குறையாது, வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கரண்டைக் கூட இழுக்கும். 10 ஆம்பியர் 13 ஆனால் காயிலில் சூடு 1.3 மடங்கா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இல்லை, கரண்டின் வர்க்கப்படி 1.69 மடங்கு. அதுவே காயிலைக் கருக்கப் போதும். நான் டவுனில் காயில் கட்டிய காலத்தில், வோல்டேஜ் படுக்கிற கோடையில்தான் கடை வாசலில் மோட்டார் குவியும். எனக்குப் பிழைப்பு, சம்சாரிக்கு வயிற்றெரிச்சல்.

பாபநாசம் பக்கம் இருந்து பிரயோசனம் இல்லை. அங்கே எடுக்கிற கரண்ட் பெரிய லைனில் கலந்துவிடும். உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடு எத்தனை தூரம் என்பதுதான் கணக்கு. லைன் கம்பிக்கும் தடை உண்டு. இரண்டரை ஓம் தடையில் 20 ஆம்பியர் ஓடினால் 50 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும்.

ஒன்று செய்யுங்கள். ஹீட்டரை அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை மீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். ஐந்தாறு வோல்ட் மட்டும் இறங்கினால் லைனைத்தான் குறை சொல்ல வேண்டும், மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். உங்கள் ஒரு ஹீட்டருக்கே 20 வோல்ட் இறங்கினால், பெரும்பாலும் உங்கள் வீட்டு ஒயரிலோ ஜாயின்டிலோ கோளாறு. 20-ஐ மூன்றரை ஆம்பியரால் பெருக்கினால் 70 வாட். அந்தச் சூடு தண்ணீருக்குப் போகவில்லை, சுவருக்குள் இருக்கிறது. அன்றைக்கே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.