வீட்டுப் பிரெஞ்சு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, ‘ஜ சுயி தெசான்த்யு லா பூபெல்’ என்றேன். பள்ளிக்கூடம் போகும் என் மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ‘ஜே தெசான்த்யு’ என்று சொல்ல வேண்டுமாம். வகுப்பில் இந்த வினைக்கு ‘ஜ சுயி’தான் என்று சொல்லிக்கொடுத்தார்களே?
– வாசகி, சார்செல்

பதில்: பையன் சொன்னது சரி, வகுப்பில் சொன்னதும் சரி. ‘ஜ சுயி’யோடு வரும் வினைகளை ஒரு பட்டியலாக உருப்போட வைத்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் விடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பட்டியலை விடுங்கள், தமிழில் யோசியுங்கள். நமக்கு இறங்கு வேறு, இறக்கு வேறு. ஏறு வேறு, ஏற்று வேறு. பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே வினைதான், முன்னால் வரும் துணைவினை மட்டும் மாறும். நீங்கள் இறங்கினால் ‘ஜ சுயி தெசான்த்யு’. எதையாவது இறக்கினால் ‘ஜே தெசான்த்யு’. நீங்கள் சொன்னது ‘குப்பையை இறங்கினேன்’ என்பது மாதிரி. பிள்ளை சிரிக்காமல் என்ன செய்வான்!

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் சாமான்களை மாடிக்குத் தூக்கி வந்தால் ‘ஜே மோன்தே லே கூர்ஸ்’. வெறும் கையோடு ஏறினால் ‘ஜ சுயி மோன்தே’. மழை வருகிறதென்று கொடியில் காய்ந்த துணியை உள்ளே எடுத்தால் ‘ஜே ரான்த்ரே ல லேன்ஜ்’. நீங்களே வீடு திரும்பினால் ‘ஜ சுயி ரான்த்ரே’. எழுதும்போது பெண்கள் ‘சுயி’க்குப் பின்னால் வரும் வினையில் ஓர் ‘e’ எழுத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், காதுக்கு அது தெரியாது. அப்புறம், நான் ‘யு’ என்று எழுதியிருப்பதை நம் ‘யு’வாகச் சொல்லாதீர்கள். நாக்கை ‘இ’க்கு வைத்து, உதட்டை ‘உ’வுக்குக் குவியுங்கள்.

பூபெல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். 1884இல் பாரிஸ் வீட்டுக்காரர்கள் எல்லோரும் குப்பைத்தொட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்ட அதிகாரி அவர்.

கேள்வி: சமையலறையிலிருந்து என் கணவர் ‘இயா ப்ள்யு த லே’ என்றார். பால் நிறைய இருக்கிறதாக்கும் என்று நான் கடைக்குப் போகவில்லை. விடிந்ததும் காபிக்குப் பால் இல்லை. ‘ப்ள்யு’ என்றால் அதிகம்தானே?
– வாசகி, பொபினி

பதில்: கடைசி ‘ஸ்’ காதில் விழுந்ததா? ‘ப்ள்யுஸ்’ என்றால் அதிகம். ‘ஸ்’ இல்லாமல் ‘ப்ள்யு’ என்றால் தீர்ந்துவிட்டது. புத்தகத்தில் ‘இல் நியா ப்ள்யு த லே’ என்று இருக்கும், அதில் எதிர்மறைக்கு அடையாளமாக ஒரு ‘ந’ உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை, விழுங்கிவிடுவார்கள்.

இதிலேயே இன்னொன்றையும் பாருங்கள். பால் இருந்தால் ‘த்யு லே’, இல்லாவிட்டால் ‘த லே’. ரொட்டி, சூப், முட்டை எதுவானாலும் இல்லை என்று ஆகிவிட்டால் முன்னால் வெறும் ‘த’தான். ஆனால் ‘ச நே பா த்யு லே’ என்றும் கேட்டிருப்பீர்கள். அதில் மட்டும் ‘த்யு’ ஏன் அப்படியே நிற்கிறது? அது ‘பால் இல்லை’ அல்ல, ‘இது பால் அல்ல’. பேச்சில் நாம் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எழுத்துத் தமிழில் ‘அல்ல’ வரும் இடமென்றால் ‘த்யு’வைத் தொடாதீர்கள்.

கேள்வி: முட்டைக்கு இரண்டு உச்சரிப்பா?
– வாசகர், லா கூர்நேவ்

பதில்: ஆமாம். 1 முட்டை கேட்டால் ‘அன் நெஃப்’. 6 முட்டை என்றால் ‘ஸி ஸெ’, ‘ஃப்’ காணாமல் போய்விடும். ‘எ’ சொல்லும்போது உதடு குவிந்திருக்கட்டும். இரண்டாவது ‘ஸெ’யில் தொண்டையைத் தொட்டுப் பார்த்தால் அதிர வேண்டும். பீன்ஸ் வாங்கும்போது மட்டும் இப்படி முன்சொல்லோடு ஒட்டிப் பேசக் கூடாது, ‘லே’ (இது பால் அல்ல, பன்மைக்கு முன்னால் வரும் சொல்) என்று நிறுத்தி ‘அரிகோ’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: மூக்கால் பேசச் சொல்கிறார்கள். ‘பேங்’, ‘போங்’ என்றுதான் எனக்கு வருகிறது.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் பிறந்ததிலிருந்து மூக்கால்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் அம்மா! ‘மரம்’ என்று எழுதுகிறோம். அவசரத்தில் சொல்லும்போது உதடு மூடுகிறதா? மூடாது. அந்தக் கடைசி ஓசைதான் ‘நல்லது’ என்பதற்கான ‘போன்’. ‘அவன்’ என்று பேச்சுவாக்கில் சொன்னால் கடைசியில் வருவது ரொட்டிக்கான ‘பேன்’. ‘வந்தான்’ என்பதன் முடிவு வெள்ளைக்கான ‘ப்லான்’. ‘ங்’ ஒட்டிக்கொள்வது எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் வருகிற வினை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ‘மரம், போன்’, ‘அவன், பேன்’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரெஞ்சுக்காரச் சம்பந்தி வீட்டில் அடுத்த வாரம் விருந்து. ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்பதை எப்படிச் சொல்வது? ‘ஜ சுயி ப்லேன்’ சரியா?
– வாசகி, பாரிஸ்

பதில்: ஐயோ, வேண்டாம். அது சினைப்பட்ட பசுவுக்குச் சொல்கிற சொல். ‘ஜே பியேன் மான்ஜே’ போதும். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்கும்போது மரியாதைக்காக வெறும் ‘மெர்சி’ சொன்னால், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு பாத்திரத்தை நகர்த்திவிடுவார்கள். நம் வீட்டு மாதிரி மூன்றாவது முறை வற்புறுத்துவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வேண்டுமென்றால் ‘வொலோன்தியே’ என்று சொல்லித் தட்டை நீட்டுங்கள். அதற்காக முதல் உணவிலேயே வயிற்றை நிரப்பிவிடவும் வேண்டாம். இனிப்புக்கு முன்னால் பாலாடைக்கட்டி வரும்.