படுக்கையருகே பாய் விரிக்கும் முன்

மேடம், வணக்கம். எனக்கு 43 வயது. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ப்ளஸ் ஒன் படிக்கும் மகளைத் திண்டுக்கல் பக்கம் என் அம்மாவிடம் விட்டுவிட்டு, அடுத்த வாரம் சென்னையில் வேலைக்குச் சேர்கிறேன். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன 78 வயது அம்மா ஒருவரை அவர்கள் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கில் ட்யூப், டயப்பர். ஏஜென்சியில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். துடைக்கும்போது குமட்டிவிடுமோ, ராத்திரி கண் விழிக்க உடம்பு தாங்குமோ என்று பயம். என் பிள்ளையை விட்டு யாரோ ஒருவரைப் பார்க்கப் போகிறேனே என்று மனசு அறுக்கிறது. "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கலாம்" என்று அந்த வீட்டு மருமகள் சொன்னது மட்டும் ஆறுதல்.

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் ஆறுதல் என்று எழுதியதுதான் எனக்குக் கவலை. வீட்டுப் பெண்ணுக்கு லீவு கிடையாது, சம்பளத் தேதி கிடையாது, "அந்தப் பாத்திரத்தையும் கழுவிடேன்" என்றால் மறுக்க வாயும் கிடையாது. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் நோயாளி வேலை தவிர என்ன செய்வீர்கள், மாதம் எத்தனை நாள் விடுப்பு, அன்று மாற்று ஆள் யார் என்று ஏஜென்சி முன்னிலையில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஆதார் நகல் போதும், அசலைக் கொடுக்காதீர்கள்.

ராத்திரியைத் தனியாகப் பேசுங்கள். இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் வால் எலும்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். அப்படியென்றால் 10, 12, 2, 4 என்று எழ வேண்டும். சில நாள் ஓட்டிவிடுவீர்கள். பிறகு காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். நமக்கு மனபலம் இல்லை என்று நினைக்காதீர்கள், அது தூக்கக்கடன். ஏர் பெட் போட்டால் இடைவெளியை நீட்டலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் ராத்திரி 12 மணிக்குத் திருப்பிவிடும் முறை வீட்டாருடையது. பகலில் இரண்டு மணி நேரத் தூக்கமும் அந்தத் தாளில் ஏறட்டும். ஆனால் ட்யூபில் உணவு கொடுத்த கையோடு நீங்கள் படுக்க முடியாது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் அவர் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். சமமாகக் கிடத்தினால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம்.

குமட்டல் வரத்தான் செய்யும். பழகப் பழக அடங்கும். புது டயப்பர், துணி, வெந்நீர், குப்பைப் பை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே பிரியுங்கள். பாதியில் தேடி ஓடினால்தான் நாற்றமும் பதற்றமும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், திசை மாற்றித் துடைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். "அம்மா, இப்போ வலப்பக்கம் திரும்பப் போறோம்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். கூச்சம் அவருக்கும் உண்டு. இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு விலகிவிடலாம். பக்கவாதத்துக்குப் பிறகு சிலர் திடீரென்று அழுவார்கள், சிரிப்பார்கள். அது மூளை பாதித்ததால் வருவது. உங்கள் குறை அல்ல.

மகளுக்கு நினைத்தபோதெல்லாம் போன் செய்யாமல், தினமும் ஒரே நேரம் வையுங்கள். ஊருக்கு வரும் தேதியை இப்போதே சொல்லுங்கள். குற்ற உணர்வில் கேட்டதையெல்லாம் வாங்கித் தர வேண்டாம்.

மனசு கனத்தால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் யாராவது தவறாக நடந்தால் பெண்கள் உதவி எண் 181. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். இரண்டு எண்களையும் போனில் மட்டும் வைக்காமல், உங்கள் பையில் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.