டிஸ்க் ஆபரேஷன் முடிந்தும் பெருவிரல் மரத்திருக்கிறதா?

ஆறு வாரமாகியும் பெருவிரல் மரத்தே இருக்கிறது என்கிறீர்கள். அதை மட்டும் வைத்து ஆபரேஷன் தோற்றது என்று சொல்ல முடியாது. வலி முதலில் போகும். மரமரப்பு மெதுவாகத்தான் போகும். இடுப்பில் டிஸ்க் அழுத்தி அடிபட்ட நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரை எவ்வளவு தூரம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போய்வந்த அன்று ராத்திரியெல்லாம் எனக்கும் காலில் எறும்பு ஊரும். அடிக்கடி எழுந்து நடந்தால் கொஞ்சம் அடங்கும்.

சரி, மேஜையைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நாலு அடி நடந்து பாருங்கள். முன்பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, செருப்பு தெரியாமலே கழன்றாலோ சர்ஜனிடம் உடனே காட்டுங்கள்.

சிறுநீர் போகாமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ நடுராத்திரி என்றாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அப்புறம், நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.