பழைய வாட்டர்கலர் படம்: கழுவுவதா, மேலே தீட்டுவதா?

"எட்டு, பத்து வருஷத்துக்கு முன் வரைந்த வாட்டர்கலர் நிலக்காட்சிகள் ஒரு கட்டு இருக்கின்றன. எல்லாமே மங்கலாக, உயிரே இல்லாமல் தெரிகின்றன. நிறத்தைக் கழுவி எடுத்துவிட்டுத் திரும்பத் தீட்டலாமா, தூக்கிப் போட்டுவிடவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தூக்கிப் போடாதீர்கள். அதேசமயம் அவசரப்பட்டுத் தண்ணீரையும் தொட வேண்டாம். படத்தைப் போனில் போட்டோ எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வானம், மரம், தரை எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரிந்தால் உங்கள் படத்தில் நிறம் அதிகமாகிவிடவில்லை, இருட்டுதான் போதவில்லை. வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறிவிடும். நாமோ ஈரத்தில் பார்த்துவிட்டு "போதும்" என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறோம்.

என்னிடமும் அப்படி ஒரு ஆற்றோரப் படகு கிடந்தது. படகும் பின்னால் இருக்கும் மரங்களும் ஒரே அடர்த்தி, எது முன்னால் எது பின்னால் என்றே தெரியாது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கெட்டியாகக் கலந்து, படகின் அடிவயிற்றிலும் அதன் நிழலிலும் மட்டும் ஒரு கோடு இழுத்தேன், அப்புறம் மரங்களின் அடிப்பக்கம் கொஞ்சம். அவ்வளவுதான், படகு முன்னால் வந்துவிட்டது.

மேலே தீட்டும்போது ஒரே இழுப்பில் முடியுங்கள். நிறமியைக் காகிதத்தில் பிடித்து வைத்திருப்பது வேல மரப் பிசின், அது எத்தனை வருஷம் ஆனாலும் தண்ணீர் பட்டால் இளகும், அதனால் ஒரே இடத்தில் நாலு தடவை தேய்த்தால் அடியில் இருக்கும் நிறமும் கிளம்பி வந்து சேறாகிவிடும்.

சரி, எடுத்தே ஆக வேண்டிய இடமும் இருக்கும், வானத்தில் காய்ந்துபோன ஒரு முரட்டு விளிம்பு மாதிரி. சுத்தமான தண்ணீரை அந்த இடத்தில் மட்டும் வைத்து, அரை நிமிஷம் ஊறவிட்டு, சற்று விறைப்பான பிரஷ்ஷால் லேசாக வருடி, உடனே டிஷ்யூவை அழுத்தி எடுங்கள். அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் டிஷ்யூவின் புதுப் பக்கம். இல்லாவிட்டால் எடுத்த நிறத்தையே திரும்ப ஒற்றுவீர்கள். அல்ட்ராமரைன், கோபால்ட் நீலம், மஞ்சள் காவி போன்றவை பெரும்பாலும் நன்றாக வந்துவிடும். தாலோ நீலமும் தாலோ பச்சையும் காகிதத்தைக் கறைப்படுத்தும் ரகம், என்ன செய்தாலும் ஒரு சாயல் நிற்கும். அவற்றோடு மல்லுக்கட்டாமல், அந்தச் சாயலையே அடிவண்ணமாக வைத்து மேலே ஏதாவது செய்வதுதான் புத்திசாலித்தனம்.

காகிதமும் தாங்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்திக் காகிதம் நிறையவே பொறுக்கும். மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் இரண்டாவது தேய்ப்பிலேயே திரிதிரியாக உரியும், அதை விட்டுவிடுங்கள். இன்னொன்று, பழைய காகிதத்தில் தண்ணீர் சட்டென்று உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு கெட்டுப்போயிருக்கலாம். ஓரத்தில் ஒரு சொட்டு தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் அதன்மேல் புது வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த நிறப் பூச்சு, போட்டாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். அந்தப் படத்துக்கு வண்ணப் பென்சிலோ சாஃப்ட் பாஸ்டலோ போதும்.

வெள்ளை போய்விட்ட இடத்தில் வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) வைப்பது தப்பே இல்லை. சுத்த வாட்டர்கலர்தான் வேண்டும் என்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஆனால் அது கடைசி வேலையாக இருக்கட்டும், ஏனென்றால் அதன்மேல் மறுபடி வாஷ் போட்டால் வெள்ளை கரைந்து எல்லாவற்றையும் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடும்.

இத்தனைக்கும் மசியாத படம் என்றால், அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, படத்தின் மேல் சட்டம் போல வைத்து நகர்த்திப் பாருங்கள். முழுப் படம் சொதப்பியிருந்தாலும் உள்ளங்கை அளவில் ஒரு மூலை அருமையாக வந்திருக்கும். அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தின் பின்பக்கத்தில் நிறம் கலந்து சோதித்துப் பாருங்கள்.