பாட்டியின் கதையை எழுத முகவருக்கு எதற்குப் பணம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் பாட்டியின் தங்கையும் எங்கள் தோட்டத்துப் பெண்கள் இருவரும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென இருந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்கள். மூவரும் இன்று உயிருடன் இல்லை. சொந்தப் பெயரிலேயே அவர்களை வைத்து நாவல் எழுதி நானே வெளியிடப் போகிறேன். சின்னப் பாட்டி எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று என்னிடம் உண்டு. குடும்ப அனுமதி, காப்புரிமைப் பதிவு, நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லி முகவர் ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?"

சகோதரி, ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

ஐ.எஸ்.பி.என் எண்ணை மலேசியத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது, தனியாளும் விண்ணப்பிக்கலாம். காப்புரிமை நீங்கள் எழுதும்போதே உங்களுடையதாகிவிடுகிறது. 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அதற்குப் பதிவு எதையும் கேட்பதில்லை. இறந்தவரின் வாழ்க்கையை நாவலாக்க அனுமதிக் கடிதம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிறகு அவர் எதற்குப் பணம் கேட்கிறார்?

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. முகவர் தன் பெயரில் எண் வாங்கினால் ஏட்டில் பதிப்பாளர் அவர்தான். நாளை நூலகமோ கடையோ பிரதி கேட்டால் அவரைத்தான் தேடிப் போகும். சென்னையில் மலிவாக அச்சடித்துத் தருகிறேன் என்பவரிடமும் முதலில் இதைக் கேளுங்கள்: எண் யார் பெயரில்? வெளியீட்டு விழாவுக்குப் பிரமுகரை அழைத்து வருகிறேன், முதல் நூல் வாங்குபவர் தரும் பண உறையிலேயே செலவு முழுக்கத் திரும்பிவிடும் என்பார்கள். அந்த உறையை நம்பிக் கடன் வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

'செத்தவர் மேல் அவதூறு வழக்கு வராது, தாராளமாக எழுதுங்கள்' என்றும் உங்கள் முகவர் சொல்லியிருப்பார். பாதி உண்மை. இறந்தவருக்காக நட்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் ஒரு விளக்கம் உண்டு. உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கக்கூடிய ஒன்றை, அவர் குடும்பத்தின் மனத்தைப் புண்படுத்தும் எண்ணத்தோடு எழுதினால் அது குற்றமாகலாம். இரண்டும் சேர வேண்டும். எண்ணம் இல்லையென்றால் இந்த விளக்கத்துக்குள் வராது. ஆனால் எண்ணத்தை எதை வைத்துப் பார்ப்பார்கள்? நீங்கள் எழுதியதை வைத்துத்தான். கதையில் சுவை கூட்ட, ஆதாரம் இல்லாமல் அந்தத் தோட்டத்துப் பெண்களில் ஒருவருக்கும் கங்காணிக்கும் தொடர்பு இருந்ததாக எழுதினீர்களானால், அவர் பேத்தியின் வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும்போது என்ன பதில் சொல்வீர்கள்? பெயரை மாற்றினாலும் தப்ப முடியாது. '1943இல் இந்தத் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்)' என்றால் ஊருக்கே ஆள் தெரியும். அவர் உயிரோடு இருக்கும் மகனையும் கதைக்குள் இழுத்தால் நேரே சிவில் வழக்குதான். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போன விடியலையும், ரப்பர் பால்வாளி சுமந்த தோளையும், புறப்படும் முன் தாயிடம் சொல்லியிருக்கக்கூடிய சொல்லையும் எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை செய்யுங்கள். ஒழுக்கம், திருட்டு, காட்டிக்கொடுத்தல் என்று வந்தால் ஆதாரம் கையில் இருக்கட்டும்.

நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படை முகாம் 1943 அக்டோபர் 22 அன்றுதான் திறந்தது. உங்கள் நாயகி ஆகஸ்டிலேயே அங்கு துப்பாக்கி ஏந்தினால், விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி போன்றவர்கள் சொன்னவை பதிவாகியிருக்கின்றன. அவர்கள் வாயில் புது வசனம் வைப்பதானால் அது கற்பனை என்று பின்னுரையில் சொல்லிவிடுங்கள். பழைய தமிழ் முரசு இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் தேடலாம்.

அச்சானதும் ஒரு மாதத்துக்குள் மலேசியத் தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதிகள் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். ஆயிரக்கணக்கில் அடிக்கும் நிறுவனத்துக்கும் முந்நூறு பிரதி அடிக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் ஒரே அளவு! அச்சகத்தார், பதிப்பாளர் பெயர் முகவரியைத் தமிழில் மட்டும் போட்டால் போதாது, மலாயிலோ ஆங்கிலத்திலோ முதல் தாளிலோ கடைசித் தாளிலோ இருந்தாக வேண்டும். இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு நூலகங்களில் வைக்க எத்தனை நாளாகும்? யாரும் செய்வதில்லை. முகவர்கள் பிழைப்பதே இதனால்தான்.

கடைசியாக அந்த நோட்டுப் புத்தகம். அது உங்கள் அலமாரியில் இருப்பதால் எழுத்து உங்களுடையதாகிவிடாது. சின்னப் பாட்டி உயில் எழுதாமல் போயிருந்தால் அதன் உரிமை அவருடைய வாரிசுகளுக்கே. அச்சேறாத எழுத்தென்றால் எத்தனை ஆண்டு ஆனாலும் அப்படித்தான். அதிலுள்ள செய்திகளை வைத்துத் தாராளமாகக் கதை எழுதலாம். பக்கம் பக்கமாக வரிகளை அப்படியே எடுத்துப் போடுவதானால் மட்டும் அவர் வாரிசுகள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் 'பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று மூலத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கைபேசியில் படம் எடுத்து அதைக் காட்டினால் போதும்.