டிரான்சாக்‌ஷன் போட்டும் ஒரே பொருள் இரண்டு பேருக்கு விற்றுப்போகிறதா?
ஸ்டாக்கில் ஒரே ஒரு குக்கர், எல்லாமே டிரான்சாக்‌ஷனுக்குள், இருந்தும் இரண்டு ஆர்டர் விழுந்துவிட்டது என்கிறீர்கள். டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் மேல் தப்பில்லை. டிரான்சாக்‌ஷன் என்பது பல வேலைகளை ஒரே கட்டாகச் செய்வது. பாதியில் அறுந்தால் மொத்தமும் ரத்தாவது அதன் ஒரு குணம். பக்கத்தில் ஓடும் டிரான்சாக்‌ஷன் குறுக்கே வராமல் இருப்பது வேறு குணம். உங்களை உதைப்பது இரண்டாவது.

மைஎஸ்கியூஎல்லில் டேபிளைச் சேமித்துவைக்கும் என்ஜினான இன்னோடிபியின் இயல்பு நிலை ரிப்பீட்டபிள் ரீட், அதாவது முதலில் படித்ததையே கடைசிவரை திரும்பக் காட்டுவது. அதில் சாதாரண செலக்ட் (தரவைப் படிக்கும் கட்டளை) பூட்டுப் போடாது. இரண்டு பேருமே 1 என்று படித்து, பிஎச்பி நிரலில் ஒன்றைக் கழித்து, 0 என்று எழுதிவிட்டார்கள்.

செலக்ட் வரியின் கடைசியில் 'ஃபார் அப்டேட்' சேர்த்தால், முதல் ஆள் கமிட் செய்யும்வரை (மாற்றத்தை உறுதிசெய்யும்வரை) அடுத்தவர் காத்திருப்பார். என்னைக் கேட்டால் அந்த செலக்டே வேண்டாம். ஒரே அப்டேட்டில் 'ஸ்டாக் = ஸ்டாக் - 1' என்று எழுதி, 'வேர்' (WHERE) நிபந்தனையில் குக்கரின் ஐடியோடு 'ஸ்டாக் > 0' என்றும் வையுங்கள். எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். 0 வந்தால் ரோல்பேக், அதாவது செய்த எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள்.

அப்புறம், டேபிள் ரொம்பப் பழையது என்றீர்களே, டேபிளின் அமைப்பைக் காட்டும் 'ஷோ கிரியேட் டேபிள்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். என்ஜின் மைஐஎஸ்ஏஎம் (டிரான்சாக்‌ஷனே தெரியாத பழைய என்ஜின்) என்றிருந்தால் ரோல்பேக் சும்மா பேச்சுக்குத்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி போனது.